குழாய்க்கும் வயது உண்டு!

தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆபீசிலிருந்து வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். "திடீரென்று உடைந்துவிட்டது, என்ன செய்வது?" என்பார்கள். லயத்திலும் நாம் அதையே சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்குகிறோம். இடி விழுவதுபோல, காற்றில் மரம் சாய்வதுபோல, குழாய் உடைவதும் யாருடைய கையிலும் இல்லாத காரியம் என்று நம்பிவிட்டோம்.

இந்த நம்பிக்கை தவறு என்பதே நமது கருத்து. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் திடீரென்று உடைவதில்லை. போட்ட நாளிலிருந்தே அது தேய்ந்துகொண்டு வருகிறது. எந்த வேகத்தில் தேய்கிறது, எந்த இடத்தில் முதலில் ஓட்டை விழும், ஏறக்குறைய எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட முடியும். செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு விதியின் தலையில் பழியைப் போடுவது நியாயமா என்று கேட்கிறோம்.

நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில் கண்டதை முதலில் சொல்லுகிறோம். மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து இறங்கும் குழாய் லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஓடுகிறது. முதல் வீட்டில் தண்ணீர் சீறுகிறது. கடைசி வீட்டில் நூல்போல ஒழுகுகிறது. நடுவே ஓர் எல்போவில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கடைசி வீட்டுப் பாட்டி, "நான் கல்யாணமாகி வந்த வருசம் போட்ட குழாய் தம்பி இது. எனக்குப் பேரப்பிள்ளை எடுத்தாச்சு. எனக்கு ஓய்வு கொடுத்தவங்க இதுக்கு இன்னும் கொடுக்கலே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய மருமகள் பிரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் பிடிக்க வேண்டி நாலு மணிக்கு முன்பே எழுந்திருக்கிறாள் என்பதும் அதே வாயால் வந்த செய்தி.

ஆபீசுக்குப் போய், "அந்தக் குழாய் எந்த ஆண்டு போட்டது?" என்று கேட்டோம். கிராணியார் நல்ல மனிதர். அலமாரியைத் திறந்து தேடினார். எந்த நிலத்தில் எந்த ஆண்டு கன்று நட்டார்கள், எந்த ஆண்டு மரம் திறந்தார்கள், எந்தப் பட்டையில் இப்போது வெட்டு நடக்கிறது என்ற கணக்கெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மரத்துக்குப் பிறந்த தேதி இருக்கிறது. மனிதர் குடிக்கும் தண்ணீர் வரும் குழாய்க்கு இல்லை! நமது வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பட்டைக் கணக்கு நமக்குப் புதிதல்ல

பால்மரம் வெட்டுகிறவருக்கு ஆயுள் கணக்கை வேறு யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் மரத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலப் பட்டை செலவாகிறது. வெட்டுமுகம் ஐம்பது அங்குல உயரம் என்றால் நாலு ஆண்டுக்கு மேல் வரும். கத்தி தடித்து ஓடினால் அது மூன்று ஆண்டாகக் குறையும். ஆழம் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் புண்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். இதற்காகவே மரத்தில் குறி போடுகிறார்கள். பட்டை அதிகம் செலவானால் பிரட்டில் பேச்சு வாங்குகிறோம்.

இந்தக் கணக்கில் இருப்பவை இரண்டே எண்கள். இருப்பு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு? இருப்பைச் செலவால் வகுத்தால் ஆயுள் கிடைக்கிறது. குழாய்க் கணக்கும் அடிப்படையில் இதுதான். அங்கே பட்டைக்குப் பதில் துத்தநாகம்.

துத்தநாகம் செய்யும் தியாகம்

நம் வீட்டுக் கூரைத் தகரத்தை 'ஜிங்க்' என்கிறோமே, அந்தத் துத்தநாகம்தான் குழாயின் மேலும் உள்ளும் பூசப்பட்டிருப்பது. இரும்பைச் சுத்தம் செய்து, ஏறக்குறைய 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். சோரல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடைக்காரர் 'கால்வனைஸ்' என்றும் 'ஜி.ஐ.' என்றும் சொல்வது இதைத்தான்.

பெயிண்ட் பூசினாலும் இரும்பை மூடலாம். துத்தநாகம் எதற்கு என்று கேட்கலாம். பெயிண்ட் மூடுவதோடு நின்றுவிடும். அதில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். துத்தநாகமோ இரும்பைவிட எளிதில் கரையும் குணம் உடையது. இரண்டும் ஒட்டியிருக்கும்போது தண்ணீர் பட்டால், துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். சிறு கீறல் விழுந்த இடத்திலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் காவல் காக்கும். தான் முழுதும் தீர்ந்து போகும்வரை இந்த வேலையை அது விடுவதில்லை. தீர்ந்த பிறகு இரும்பு தனித்து நிற்கிறது. அதன் பின் துரு தடுப்பாரின்றி உள்ளே போகிறது.

இருப்பும் செலவும்

இருப்பு எவ்வளவு? ஐரோப்பியத் தரவிதிப்படி வார்ப்பிரும்புக் குழாய் இணைப்புகளில் சதுர மீட்டருக்குச் சராசரி 500 கிராம் துத்தநாகம் இருக்கவேண்டும். அதன் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. ஆக, நம் குழாயைக் காக்கும் கவசம் ஒரு தலைமயிரின் கனமே!

செலவு எவ்வளவு? இது இடத்தைப் பொறுத்தது. வெளிக்காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு எவ்வளவு தேயும் என்பதற்குச் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு அளவு வகுத்திருக்கிறது. மென்மையான காற்றில் ஆண்டுக்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் வரை. நடுத்தரமான இடத்தில் 0.7 முதல் 2.1 வரை. உப்புக்காற்றோ ஆலைப்புகையோ மிகுந்த கடுமையான இடத்தில் 4.2 முதல் 8.4 வரை.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 0.7 மைக்ரான் செலவானால் 70 மைக்ரான் நூறு ஆண்டு வரும். ஆண்டுக்கு 7 மைக்ரான் செலவானால் பத்தே ஆண்டு. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலைக்கு வாங்கிய எல்போ ஓரிடத்தில் பாட்டன் காலம் முதல் பேரன் காலம் வரை உழைக்கும். வேறோரிடத்தில் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் செத்துப்போகும். "கால்வனைஸ் குழாய் இத்தனை ஆண்டு வரும்" என்று பொதுவாகச் சொல்லும் வியாபாரியின் பேச்சை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். எங்கே போடப் போகிறோம் என்று கேட்காமல் ஆயுள் சொல்லுகிறவர் ஜோசியர்.

முதலில் போவது இணைப்பு

குழாய் நெடுக நன்றாயிருக்கும். எல்போவிலும் டீயிலும் நிப்பிளிலும் சாக்கெட்டிலும்தான் முதலில் கசியும். இது ஏன் என்பதை நம்மில் பலர் யோசித்ததில்லை.

அரை அங்குல நடுத்தரக் குழாயின் சுவர்க்கனம் 2.6 மில்லிமீட்டர். அதன் முனையில் மரை வெட்டும்போது மரையின் ஆழம் ஏறக்குறைய 1.16 மில்லிமீட்டர் போகிறது. மிஞ்சுவது 1.4 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது பாதிக்குச் சற்று மேல். அதுமட்டுமா? மரை வெட்டும் அச்சு அங்கிருந்த துத்தநாகத்தையும் சேர்த்து வழித்துவிடுகிறது. இணைப்பின் உள்மரையும் பெரும்பாலும் முலாம் பூசிய பிறகே வெட்டப்படுவதால் அதுவும் வெறும் இரும்பு. கனம் பாதி, கவசம் இல்லை, அதோடு தண்ணீர் தேங்கும் இடுக்கு. மூன்று கேடும் ஓரிடத்தில் கூடினால் அங்கே முதலில் ஓட்டை விழாமல் வேறெங்கே விழும்?

ஆகையால் குழாயின் ஆயுளை மதிப்பிடுகிறவர் குழாயைப் பார்க்கக்கூடாது. இணைப்பைப் பார்க்க வேண்டும். மரை வெட்டியவுடன் சணலும் மசகும், அல்லது வெள்ளை டேப்பும் சுற்றி இறுக்கமாகப் பூட்டி, வெளியே தெரியும் மரையின் மேல் துத்தநாகப் பெயிண்ட் தடவினால் ஆயுள் கூடும். இதற்கு ஆகும் செலவு சில்லறைக் காசு. அவசர வேலையில் விட்டுப்போவதும் இதுவே.

பித்தளை, செம்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். செம்புக் குழாயை மேலே போட்டு அதன் கீழே கால்வனைஸ் குழாயை இணைத்தால், செம்பு துளித்துளியாகக் கரைந்து வந்து துத்தநாகத்தின் மேல் படிந்து அதைத் தின்றுவிடும். தண்ணீர் ஓடும் திசையில் கால்வனைஸ் முன்னாலும் செம்பு பின்னாலும் இருக்கவேண்டும் என்பது குழாய்த் தொழிலின் பழைய விதி. அவசரத்துக்குக் கையில் கிடைத்த துண்டைச் செருகுகிறவர்கள் இந்த விதியை மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீரே சாட்சி சொல்லும்

உட்புறத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீரின் குணம். சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர் குழாயின் உள்ளே ஒரு மெல்லிய சுண்ணாம்புப் படலத்தைப் படியவிடும். அந்தப் படலம் துத்தநாகத்துக்குக் குடை பிடிக்கும். மிருதுவான, சற்றுப் புளிப்பான தண்ணீர் அப்படிச் செய்யாது. எந்தத் தண்ணீர் படலம் போடும், எது கரைத்துக்கொண்டு போகும் என்று கணக்கிட கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஞ்சலியர் என்பவர் 1936இல் ஒரு குறியீட்டு எண்ணை வகுத்தார். தண்ணீரின் புளிப்பு, சுண்ணாம்பு, காரத்தன்மை, கரைந்த உப்பு, சூடு ஆகியவற்றை அளந்தால் அந்த எண் கிடைக்கும். தண்ணீர்த் துறையார் இன்றும் பயன்படுத்தும் கணக்கு இது.

நம் தோட்டங்களில் மலைச்சுனையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் எடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் மிருதுவானது. சதுப்பு நிலத்துத் தண்ணீரோ தேநீர் நிறத்தில் புளிப்பேறி வரும். பி.எச். எண் ஆறுக்குக் கீழே இறங்கினால் துத்தநாகம் விரைந்து கரையும். சுத்திகரிக்காமல், புளிப்பைச் சரிப்படுத்தாமல் அந்தத் தண்ணீரை விடுகிற தோட்டத்தில், குடிக்கிறவர் வயிறும் கெடும். குழாயின் வயிறும் கெடும்.

குழாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை லயத்துப் பெண்களே சொல்லிவிடலாம். வெளியே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துத்தநாகம் செலவாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் இருப்பு உண்டு என்று பொருள். காலையில் முதல் வாளித் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால், உள்ளே துத்தநாகம் தீர்ந்து இரும்பு கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். தண்ணீரின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் உள்ளே துருக்கட்டிகள் வளர்ந்து வழியை அடைக்கின்றன என்று பொருள். குழாயின் உள்வாய் பாதியாகச் சுருங்கினால் தண்ணீர் பாதியாகக் குறையும் என்று எண்ணவேண்டாம். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடைசி வீட்டுப் பாட்டிக்கு நூல்போல வருவதன் இரகசியம் இது.

இதில் சுகாதார விஷயமும் உண்டு. பழைய முலாம்களில் பயன்பட்ட துத்தநாகத்தில் சிறிதளவு ஈயமும் கலந்திருந்தது. அந்த ஈயம் உட்புறத் துருவில் தங்கிச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்கக்கூடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பதும், அதில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உண்மை. ஆகவே இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைக் குடிக்கவும் பால் கரைக்கவும் எடுக்காமல், துணிக்கும் கழுவலுக்கும் எடுத்துக்கொள்ளுமாறு தாய்மார்களை வேண்டுகிறோம்.

தோட்டத்துக்கே உரிய பகைவர்கள்

நகரத்துக் குழாய்க்கு இல்லாத சில பகைகள் நம் குழாய்க்கு உண்டு. பாலை உறைய வைக்க ஆலையில் பார்மிக் அமிலம் சேர்க்கிறோம். அதன் துளியும் ஆவியும் துத்தநாகத்தை அரிக்கும். பால் உறையாமலிருக்க அமோனியா சேர்க்கிறோம். அது பித்தளைக் குழாய்த் தலையில் வெடிப்பு உண்டாக்க வல்லது. உரக்கொட்டகையில் சிந்தும் அமோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் முலாமைத் தின்னும். ஆகவே பால் ஆலைக்கும் உரக்கொட்டகைக்கும் போகும் குழாய்க்கு லயத்துக் குழாயின் ஆயுளை எழுதி வைப்பது பொய்க்கணக்கு.

மண்ணுக்குள் போகும் குழாய்க்கு மண்ணே எஜமான். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிலையம் பல்வேறு உலோகத் துண்டுகளை அந்நாட்டில் 128 இடங்களில் பல ஆண்டுக் காலம் புதைத்து வைத்து, தோண்டியெடுத்து, நிறுத்துப் பார்த்தது. அந்த முடிவுகளை ரோமனோஃப் என்பவர் 1957இல் தொகுத்து வெளியிட்டார். அதிலிருந்து உலகம் கற்ற பாடம் எளியது. தண்ணீர் வடியும் மணலில் நெடுநாள் வாழும் குழாய், ஈரம் தேங்கும் களிமண்ணிலும் சதுப்பிலும் விரைவில் சாகிறது. மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் கணக்கு வேறு.

சராசரியை நம்பக்கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லவேண்டும். "எந்த நாளில் உடையும் என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். முடியாது. துரு எங்கும் சமமாகப் பரவுவதில்லை. ஓரிடத்தில் ஊசிமுனைபோலக் குழி பறிக்கும். சராசரியில் கால் பங்கே தேய்ந்த குழாயிலும் ஒரு குழி மறுபுறம் வந்துவிடலாம். தண்ணீர் ஒழுகுவது சராசரி வழியாக அல்ல. மிக ஆழமான குழி வழியாக.

ஆனால் நாள் சொல்ல முடியாது என்பதற்காக ஆண்டையும் சொல்லாமல் விடலாமா? எந்த மரம் எந்த நாளில் காற்றில் விழும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் மறுநடவுக்கு ஆண்டு குறித்து வைக்கிறார்கள் அல்லவா? குழாய்க்கும் அவ்வாறே குறிக்கவேண்டும். மிக மோசமான இடத்தை வைத்துக் குறிக்கவேண்டும்.

ஷமிர், ஹோவர்ட் என்ற இருவர் 1979இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குழாய் முதிர முதிர உடைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவதில்லை. கடன் வட்டிபோல, வட்டிக்கு வட்டி ஏறுவதுபோலப் பெருகுகிறது. ஆகவே ஒட்டுப்போடும் செலவும் ஆண்டுதோறும் பெருகி, ஒரு கட்டத்தில் புதுக்குழாய் போடுவதே மலிவு என்றாகிவிடும். அந்த ஆண்டைக் கண்டுபிடிக்க முக்கியமாக வேண்டியது இதுவரை ஏற்பட்ட உடைப்புகளின் தேதி. அதைத்தான் நம் ஆபீசுகளில் எழுதி வைப்பதில்லை!

"ரப்பர் விலை இறங்கிக் கிடக்கிறது, குழாய்க்குப் பணம் எங்கே?" என்பது அடுத்த வாதம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகும் ஓர் ஓட்டையில் நாளொன்றுக்கு 1,440 லிட்டர் போகிறது. அந்தத் தண்ணீரை மேலேற்றிய பம்ப்புக்கு எண்ணெயோ மின்சாரமோ செலவாகிறது. வாங்கும் தண்ணீர் என்றால் மீட்டர் ஓடுகிறது. விலை இறங்கிய காலத்தில் இந்த நட்டத்தைத் தாங்கும் தோட்டம், குழாய்ச் செலவைத் தாங்காதா?

செய்து காட்டியவர்கள் உண்டு

இது ஆகாத காரியம் என்று சொல்வார்க்குச் சிங்கப்பூரைக் காட்டுகிறோம். அங்கே தண்ணீர்த் துறையார் 1980களில் தொடங்கி, உட்பூச்சு இல்லாத பழைய இரும்புக் குழாய்களையும், வீடுகளுக்குப் போன கால்வனைஸ் இணைப்புக் குழாய்களையும் திட்டம் போட்டு மாற்றினார்கள். உடைந்ததை மட்டும் மாற்றவில்லை. உடையப் போகிறதை மாற்றினார்கள். தண்ணீர் விரயம் மிகக் குறைந்த நகரங்களில் ஒன்றாக அது பெயர் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மலேசியாவிலோ 2022ஆம் ஆண்டில் சுத்திகரித்து விட்ட தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்கில் சேராமல் போயிற்று. அதில் பழங்குழாய்க் கசிவுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடு முழுவதற்கும் உள்ள நோய் தோட்டத்தில் இல்லாமலிருக்குமா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம், முதலாளி இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று விதிக்கிறது. 'போதுமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைசி வீட்டில் நூல்போல ஒழுகுவது போதுமானது ஆகாது.

நம் குறையும் உண்டு

பிறர் குறையைச் சொல்லும் நாம் நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டையும் மாட்டையும் நிற்குங்குழாயில் கட்டுகிறோம். அது ஆடி ஆடி அடி எல்போவின் மரையை முறிக்கிறது. அடுப்புச் சாம்பலைக் குழாயடியில் கொட்டுகிறோம். நனைந்த சாம்பலின் காரம் துத்தநாகத்துக்கு எமன். கசிவைக் கண்டும், "கிராணியாருக்குத் தெரியாதா?" என்று கடந்து போகிறோம். இவற்றை விட்டுவிட்டாலே சில ஆண்டு ஆயுள் கூடும். கூலி கேட்கும் கை இதையும் செய்யவேண்டும்.

நாம் கேட்பது

பெரிய இயந்திரம் எதையும் நாம் கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வாளி, ஒரு கடிகாரம் போதும்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் குழாய்ப் பதிவேடு வேண்டும். எந்தக் குழாய், எந்த அளவு, எந்த ஆண்டு போட்டது, எந்த மண், எந்தத் தண்ணீர் என்று எழுதவேண்டும். ஒவ்வொரு கசிவுக்கும் தேதியும் இடமும் எழுதவேண்டும்.

இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லயத்தின் கடைசிக் குழாயில் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து எழுதவேண்டும். போன ஆண்டு இரண்டு நிமிடம், இந்த ஆண்டு நாலு நிமிடம் என்றால் குழாயே வாய் திறந்து பேசிவிட்டது.

மூன்றாவது, பழுது பார்க்கும்போது வெட்டியெடுத்த துண்டை எறியாமல், நெடுக்கே பிளந்து, தேதி எழுதிக் கட்டி வைக்கவேண்டும். ஐந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு துண்டுகளை ஒப்பிட்டால் தேய்மான வேகம் கண்ணுக்குத் தெரியும். எந்தப் புத்தகத்து எண்ணைவிடவும் அந்தத் தோட்டத்துக்கு அதுவே மெய்யான எண்.

நான்காவது, தோட்டத்துத் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை ஆகியவற்றை அளந்து, முடிவைப் பிரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டவேண்டும்.

ஐந்தாவது, இந்தக் கணக்குப்படி ஒவ்வொரு குழாய்க்கும் மாற்றும் ஆண்டைக் குறித்து, வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்கவேண்டும். மாற்றும்போது இடத்துக்கு ஏற்ற குழாயைப் போடவேண்டும். மண்ணுக்குள் பிளாஸ்டிக் குழாய் நன்று. வெயிலும் அடியும் படும் இடத்தில் அது நிற்காது. அங்கே நல்ல முலாம் பூசிய குழாய்க்கு இன்றும் வேலை உண்டு.

இந்தப் பதிவேட்டைக் கிராணிமார் தனியே எழுத முடியாது. கசிவைக் காண்பவர் லயத்தில் இருக்கிறார். கண்டதை எழுதும் பேனா ஆபீசில் இருக்கிறது. வெட்டுக்காரரும் கிராணியும் வேறு வேறு வர்க்கம் என்று சொல்லிப் பிரித்து வைத்த காலம் ஒன்று இருந்தது. ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இதிலாவது ஒன்று சேரக்கூடாதா? இரண்டு குழாய்களைப் பிணைத்து, வேண்டும்போது கழற்றிப் பார்த்துப் பழுது நீக்க உதவும் இணைப்புக்குக் குழாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'யூனியன்'! அது இல்லாத குழாயில் ஒரு சிறு பழுது நீக்கவும் முழு வரிசையையும் அறுக்க வேண்டிவரும்.

அந்தப் பாட்டி வீட்டுக் குழாய்க்கு ஓய்வு கொடுக்கும் ஆண்டு என்றோ வந்து போய்விட்டது. அதைக் கணக்கிட ஆள் இல்லாததால், நாலு மணிக்கு முன் எழும் மருமகளின் தூக்கத்திலிருந்து அந்தக் கடன் தினமும் பிடித்தம் செய்யப்படுகிறது. அடுத்த முறை, "திடீரென்று உடைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அது எந்த ஆண்டு போட்ட குழாய்?" பதில் வராவிட்டால், அன்றைக்கே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.